இல்லாத அணுவின் எடை

கனடாவில் இருப்பவர்களுக்குக் காலை, எங்களுக்கு மாலை, ஒஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு நடுச்சாமம். நித்திரையை விட்டுவிட்டு வந்து இருப்பவர்களுக்கு முதல் நன்றி.

இலக்கிய அரங்கில் வேதியியல் பேச வந்திருக்கிறேன். போன மாதம் கம்பராமாயணம், அதற்கு முதல் மாதம் புலம்பெயர் சிறுகதை, இந்த மாதம் குளோரீன் வாயுவா என்று நீங்கள் கேட்கலாம். நான் பேசப்போவது இரண்டு மனிதர்களைப் பற்றியும், அவர்கள் கையில் எடுத்த சில வாயுக்களைப் பற்றியும். அந்தக் கதை நம்மவர்களின் கதைக்கு மிகவும் பக்கத்தில் வந்து நிற்கிறது. எவ்வளவு பக்கத்தில் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் இருப்பது சிசிலித் தீவின் பலெர்மோ நகரில். பல்லரோச் சந்தைக்குப் பக்கத்துத் தெரு. அரபு ஆட்சிக் காலத்திலிருந்து நடக்கும் சந்தை இது. காலையில் சிசிலிக்காரர் கூவி மீன் விற்பார்கள். இரண்டு கடை தள்ளி வங்காளிகள், அதற்கப்பால் ஆபிரிக்கர்கள், நடுவில் நம்மவர்கள். 1980களிலிருந்து தமிழர்கள் இந்த நகரத்துக்கு வந்து குடியேறியிருக்கிறார்கள். சந்தையிலிருந்து கால்மணி, இருபது நிமிடம் கிழக்கே நடந்தால் தாவரவியல் பூங்கா வரும். அதன் பக்கத்தில் ஆர்க்கிராஃபி வீதி. 1930களில் பல்கலைக்கழகத்தின் பௌதிக நிறுவனம் அந்த வீதியில்தான் இருந்தது. நகரத்தின் வடக்குப் பக்கம் நடந்தால் சான் டொமெனிகோ தேவாலயம். அங்கே ஒரு வேதியியலாளரின் கல்லறை இருக்கிறது. என்னுடைய இரண்டு மனிதர்களில் ஒருவர் கல்லறையில், மற்றவர் ஆர்க்கிராஃபி வீதியில்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். குளோரீன், புரோமீன், அயடீன் முதலியவற்றை இலங்கைப் பாடப்புத்தகத்தில் அலசன்கள் என்று படித்தோம். தமிழ்நாட்டில் ஹாலஜன்கள் என்பார்கள், உப்பீனிகள் என்றும் சொல்வதுண்டு. உப்பை ஈனுபவை, அழகான சொல். ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையில் மட்டும் வேறுபட்டால் அவற்றை நாங்கள் சமதானிகள் என்றோம், தமிழ்நாட்டார் ஐசோடோப்புகள் என்கிறார்கள். நான் ஊர்ச் சொல்லையே பாவிக்கிறேன்.

கல்லறையில் இருப்பவர் ஸ்தனிஸ்லாவோ கன்னிஸ்ஸாரோ. 1826 யூலை 13ஆம் திகதி பலெர்மோவில் பிறந்தவர். 1848இல் சிசிலி மக்கள் பூர்போன் அரசனுக்கு எதிராக எழுந்தபோது, இந்த 21 வயதுப் பையன் பீரங்கிப் படை அதிகாரியாகச் சேர்ந்தார். சிசிலியின் புரட்சிப் பாராளுமன்றத்திலும் உறுப்பினரானார். அடுத்த வருடம் புரட்சி தோற்றது. கப்பல் ஏறி மார்செய் துறைமுகத்துக்குத் தப்பினார். அங்கிருந்து பாரிஸ், பிறகு அலெஸ்ஸாந்திரியா, பிறகு ஜெனோவா. சொந்த ஊரைவிட்டு ஓடி, போன இடமெல்லாம் ஆய்வுகூடம் தேடிய அகதி அவர்.

ஜெனோவாவில் இருந்தபோது, 1858இல், அவர் நண்பர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கும் முறையை விளக்கும் கடிதம். அதை ஒரு சஞ்சிகை வெளியிட்டது. அணு எடைகள் பற்றி அரை நூற்றாண்டாக இருந்த குழப்பத்தைத் தீர்த்தது அந்தக் கடிதம்தான்.

குழப்பம் இதுதான். ஒரு சேர்வையில் எத்தனை அணு இருக்கிறது என்று தெரியாமல் ஓர் அணுவின் எடையைச் சொல்ல முடியாது. அணுவின் எடை தெரியாமல் எத்தனை அணு என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கணக்கு நடந்தது. கன்னிஸ்ஸாரோ, தன் நாட்டவரான அவகாதரோ 1811இல் சொல்லி எல்லோரும் மறந்துபோன ஒரு கருத்தைத் தூசி தட்டி எடுத்தார்: ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். அப்படியென்றால் வாயுவின் அடர்த்தியை அளந்தால் மூலக்கூறின் எடை கிடைத்துவிடும்.

ஐதரசன் மூலக்கூறை 2 என்று வைத்துக்கொண்டு அவர் அலசன் வாயுக்களை வரிசையாக எழுதினார். குளோரீன் வாயு 71. புரோமீன் ஆவி 160. அயடீன் ஆவி 254. ஐதரசன் குளோரைட்டு 36.5, அதில் குளோரீனின் பங்கு 35.5. ஆசனிக் குளோரைட்டு ஆவியில் குளோரீனின் பங்கு 106.5. எங்கள் சித்த மருத்துவர்கள் வீரம் என்று சொல்வார்களே, அந்த இரசக் குளோரைட்டின் ஆவியில் குளோரீனின் பங்கு 71. 35.5, 71, 106.5. எந்தச் சேர்வையை எடுத்தாலும் 35.5 அல்லது அதன் மடங்குதான் வருகிறது. அதற்குக் குறைந்து எங்கும் வரவில்லை. ஆகவே குளோரீன் அணுவின் எடை 35.5. அவ்வளவு எளிமையாகச் சொன்னார்.

1860 செப்டெம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் மூன்று நாள் கூடினார்கள். கன்னிஸ்ஸாரோ பேசினார். முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. கலைந்து போகும்போது அவரது நண்பர் ஒருவர் அந்தக் கடிதத்தின் பிரதிகளை எல்லோர் கையிலும் கொடுத்தார். அதை வாங்கிப் போன இளைஞர்களில் லோதர் மேயர் ஒருவர். அந்தக் கூட்டத்தில் மெந்தலீவும் இருந்தார். ஒன்பது வருடம் கழித்து வந்த ஆவர்த்தன அட்டவணை, சரியான அணு எடைகள் இல்லாமல் பிறந்திருக்காது.

அந்த வருடமே கரிபால்டியின் படை சிசிலியை விடுவித்தது. 1861இல் கன்னிஸ்ஸாரோ பலெர்மோவுக்குப் பேராசிரியராகத் திரும்பி, பத்து வருடம் இருந்தார். நாடு திரும்பக் கிடைத்த அகதிகள் குறைவு. அவருக்குக் கிடைத்தது.

இந்தக் கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது. சில சேர்வைகள் அவருடைய விதிக்கு அடங்கவில்லை. நவச்சாரத்தைச் சூடாக்கி ஆவியாக்கினால், அதன் அடர்த்தி இருக்கவேண்டியதில் பாதிதான் இருந்தது. அவகாதரோவின் கருத்தே பிழை என்பதற்கு எதிராளிகள் இதைத்தான் காட்டினார்கள். கன்னிஸ்ஸாரோ 1857இலேயே வேறு விளக்கம் சொன்னார்: சூட்டில் நவச்சாரம் அமோனியாவாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் பிரிந்துவிடுகிறது. ஒரு மூலக்கூறு இருந்த இடத்தில் இரண்டு. அதனால்தான் அடர்த்தி பாதி. ஆறினால் இரண்டும் மறுபடி சேர்ந்து பழைய வெள்ளைத் தூளாகிவிடும். நீங்கள் பார்க்கும்போது பிரிந்ததற்கான தடயமே இருக்காது. 1862இல் பேபால் என்பவர், பிரிந்த இரண்டு வாயுக்களும் வெவ்வேறு வேகத்தில் பரவுவதை வைத்து அதை நிரூபித்தார்.

இன்னொன்று அதைவிட நுட்பமானது. சித்த மருத்துவத்தில் வீரத்துக்குத் தம்பி பூரம். குளோரீன் பாதியளவு கொண்ட இரசக் குளோரைட்டு. அதன் ஆவிக்குக் கன்னிஸ்ஸாரோவின் அட்டவணையில் 235.5 என்ற எடை நிற்கிறது. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பூரம் ஆவியாகும்போது இரசமாகவும் வீரமாகவும் பிரிந்துவிடும் என்று பின்னால் தெரிந்தது. இரசம் 200, வீரம் 271. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், 235.5. அவர் அளந்தது இரண்டு வெவ்வேறு வாயுக்களின் சராசரி. அந்தச் சராசரி ஒரு தனி மூலக்கூறு மாதிரியே நடித்தது.

இந்தச் சராசரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

1890களில் ஜெர்மனியில் மக்ஸ் போடன்ஸ்டைன் என்ற இளைஞர் கண்ணாடிக் குமிழ்களில் ஐதரசனையும் அயடீனையும் அடைத்து மூடி, கொதிக்கும் கந்தகத்தின் ஆவியில் வைத்தார். ஏறத்தாழ 445 பாகை செல்சியஸ். குறித்த நேரத்தில் வெளியே எடுத்து, சடுதியாகக் குளிரவைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்தார். ஐதரசன் அயடைட்டு உண்டாகிக்கொண்டே போய், ஐந்தில் நான்கு பங்களவில் நின்றுவிட்டது. பிறகு வேறு குமிழில் சுத்தமான ஐதரசன் அயடைட்டை மட்டும் வைத்தார். அது பிரிந்துகொண்டே வந்து, அதே ஐந்தில் நான்கில் நின்றது. எந்தக் கரையிலிருந்து புறப்பட்டாலும் போய்ச் சேரும் இடம் ஒன்று. இதைத்தான் சமநிலை என்கிறோம்.

சமநிலைக்கு வந்த குமிழின் ஊதா நிறம் அதற்குப் பிறகு மாறாது. ஒரு மணி நேரம் கழித்து அளந்தாலும் ஒரு நாள் கழித்து அளந்தாலும் அதே எண்தான். அப்படியென்றால் உள்ளே எல்லாம் நின்றுவிட்டதா? அல்லது எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு பிரிந்துகொண்டே இருக்கிறதா? இரண்டாவதுதான் சரி என்று கோட்பாடு சொன்னது. கண்ணால் காட்ட வழி இல்லை. இந்த அயடீன் அணுவும் அந்த அயடீன் அணுவும் ஒன்றுபோல இருந்தால், இடம் மாறியதை யார் கண்டார்?

இதைவிடக் கள்ளமான தாக்கம் ஒன்று உண்டு. ஐதரசன் குளோரைட்டு மூலக்கூறு ஒன்றில் தனிக் குளோரீன் அணு ஒன்று வந்து மோதுகிறது. ஐதரசன், பழைய குளோரீனை விட்டுவிட்டுப் புதிய குளோரீனைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே போனது குளோரீன், வெளியே வந்ததும் குளோரீன். தாக்கத்துக்கு முன்பும் பின்பும் பொருட்பட்டியல் ஒன்றே. எல்லாம் நடந்தது, எதுவும் நடக்கவில்லை.

இதைப் பார்க்கவேண்டுமென்றால் அணுவில் ஒரு குறி வைக்கவேண்டும். அந்தக் குறி ஏற்கெனவே இயற்கையில் இருந்தது என்பது 1919, 1920இல் தெரியவந்தது. கேம்பிரிட்ஜில் அஸ்டன் தன் நிறமாலைக் கருவியில் அணுக்களை எடைவாரியாகப் பிரித்தபோது, குளோரீன் இரண்டு கோடுகளாக விழுந்தது. 35 ஒன்று, 37 ஒன்று. ஏறத்தாழ நான்கில் மூன்று அணுக்கள் முதல் வகை. சராசரி எடுத்தால் 35.5 வருகிறது.

கன்னிஸ்ஸாரோ கண்டுபிடித்த எண் சரியானது. ஆனால் 35.5 எடையுள்ள குளோரீன் அணு இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை. புரோமீன் இன்னும் வேடிக்கை. அவர் கணக்கில் அணுவுக்கு 80. இயற்கையில் உள்ளவை 79உம் 81உம், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. 80 எடையுள்ள புரோமீன் இயற்கையில் கிடையாது. ஆனையிறவு உப்பிலும் சிசிலியின் திராப்பானி உப்பிலும் 35உம் 37உம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் கலந்திருக்கின்றன. அதனால்தான் அந்தச் சராசரி இத்தனை காலம் ஓர் உண்மையான அணுவைப் போல நின்று பிடித்தது.

இனி ஆர்க்கிராஃபி வீதிக்கு வருவோம். எமிலியோ செக்ரே, 1905இல் தீவொலி என்ற ஊரில் பிறந்தவர், யூதக் குடும்பம். ரோமில் என்றிக்கோ ஃபெர்மியின் மாணவர். 1934இல் பாரிஸில் ஜோலியோ, கியூரி தம்பதியர் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த கையோடு, ஃபெர்மியின் குழு ஒவ்வொரு தனிமமாக எடுத்து நியூத்திரனால் தாக்கியது. புரோமீனும் அயடீனும் கதிரியக்கமாயின. அலசன் அணுக்களுக்கு முதன்முதலாக வசதியான குறி கிடைத்தது. கதிரியக்க அணு எங்கே போனாலும் அது வெளிவிடும் கதிர் காட்டிக்கொடுக்கும்.

அந்தக் குழுவில் இருந்த செக்ரே, 30 வயதில் பலெர்மோவில் பேராசிரியர் பதவி பெற்று, 1936இல் குடும்பமாக இங்கே வந்தார். ரோமைப்போல வசதியான ஆய்வுகூடம் இங்கே இல்லை. அந்தக் கோடையில் கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போய் லோரன்ஸின் சைக்ளோட்ரோனைப் பார்த்தார். பயன்படுத்தி முடிந்த உலோகத் துண்டுகளில் கதிரியக்கம் மிச்சமிருப்பதைக் கண்டு, தனக்குத் தரமுடியுமா என்று கேட்டு வாங்கினார். 1937இன் தொடக்கத்தில் லோரன்ஸ் ஒரு கடித உறைக்குள் மொலிப்டினம் தகடொன்றை வைத்துப் பலெர்மோவுக்கு அனுப்பினார். தபாலில் வந்த கழிவு அது.

மொலிப்டினத்தின் அணுவெண் 42. செக்ரேயும் கனிமவியல் பேராசிரியர் கார்லோ பெரியேயும் அந்தத் தகட்டைக் கரைத்துப் பிரித்தார்கள். அதில் 43ஆம் தனிமம் இருந்தது. ஆவர்த்தன அட்டவணையில் அதுவரை வெறுமையாகக் கிடந்த கட்டம். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம். நிறுக்க முடியாத சிறு அளவு. கதிரியக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எதனுடன் சேர்கிறது, எதனுடன் பிரிகிறது என்று பார்த்துத்தான் அதன் குணத்தைச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் சிலர் பலெர்மோவின் இலத்தீன் பெயரை ஒட்டிப் பனோர்மியம் என்று பெயர் வைக்கச் சொன்னார்கள். பெயர் 1947இல்தான் வந்தது: டெக்னீசியம்.

அதே 1937இல், இங்கே உடற்றொழிலியல் பேராசிரியராக இருந்த கமில்லோ ஆர்தொமும் செக்ரேயும் பெரியேயும் சேர்ந்து கதிரியக்கப் பொசுபரசை எலிகளுக்குக் கொடுத்து, அது உடலின் கொழுப்புப் பொருட்களில் எவ்வளவு வேகமாகப் போய்ச் சேருகிறது என்று அளந்தார்கள். வளர்ந்த எலியின் உடலில் பொசுபரசின் அளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அணுக்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கின்றன. போடன்ஸ்டைனின் மூடிய குமிழும் எலியின் உடலும் இந்த விடயத்தில் ஒன்று. அசையாத எண்ணுக்குப் பின்னால் ஓயாத போக்குவரத்து.

1938 கோடையில் செக்ரே மறுபடி பெர்க்லிக்குப் போனார். சில மாதத்தில் திரும்புவதாகத்தான் திட்டம். அங்கே ஹல்ஃபர்ட், சீபோர்க் இருவருடன் சேர்ந்து அவர் எடுத்துக்கொண்டது புரோமீன் 80. ஆம், கன்னிஸ்ஸாரோவின் கணக்கில் இருந்து, இயற்கையில் இல்லாத அதே எண். நியூத்திரனால் தாக்கினால் அது உண்டாகும். அதில் இரண்டு நிலைகள் இருந்தன. ஒன்றின் அரைவாழ்வு ஏறத்தாழ நாலரை மணி, மற்றது 18 நிமிடம். ஒரே தனிமம், ஒரே எடை, வித்தியாசம் கருவின் சக்தி நிலையில் மட்டும். அந்த இரண்டையும் வேதியியல் முறையால் பிரிக்க முடியுமா?

முடிந்தது. நாலரை மணிப் புரோமீனைக் கரிமச் சேர்வை ஒன்றில் கட்டிவைத்தார்கள். கரு கீழ்நிலைக்கு இறங்கும்போது அணு எலெக்ட்ரோனை இழந்து, கட்டிய பிணைப்பு அறுந்து, 18 நிமிடப் புரோமீன் தனியாக வெளியே வந்தது. அதைப் பிரித்தெடுத்தார்கள்.

இந்த வேலை முழுக்க ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. வெளியே வந்த புரோமீன், கட்டுக்குள் இருக்கும் புரோமீனுடன் வேகமாக இடம் மாறக்கூடாது. மாறினால் பிரித்தது எல்லாம் மறுபடி கலந்துவிடும். எந்த அலசன் சேர்வைகள் தங்களுக்குள் அணுக்களை மாற்றிக்கொள்ளும், எவ்வளவு வேகத்தில், இருட்டிலா வெளிச்சத்திலா, வாயுவிலா கண்ணாடிச் சுவரிலா என்ற ஆராய்ச்சி அந்த வருடங்களில் சூடு பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1938இலேயே மக்கே என்பவர் ஒரு விதியைச் சொன்னார். இரண்டு சேர்வைகள் சமநிலையில் இருந்துகொண்டு அணுக்களை மாற்றிக்கொண்டால், குறியிட்ட அணுக்கள் பரவும் விதம் எப்போதும் ஒரே வடிவம்தான். குறித்த நேரத்துக்கு ஒருமுறை, கலக்க மீதியிருப்பதில் பாதி கலக்கும். உள்ளே தாக்கம் எந்த வழியில் நடந்தாலும் அந்த வளைகோடு மாறாது. ஆகவே அந்தக் கோடு வேகத்தைச் சொல்லும், வழியைச் சொல்லாது. வழி தெரியவேண்டுமானால் செறிவுகளையும் வெப்பநிலையையும் மாற்றி மாற்றி அளக்கவேண்டும். போடன்ஸ்டைனின் தாக்கமே இதற்கு உதாரணம். ஐதரசன் மூலக்கூறும் அயடீன் மூலக்கூறும் நேரே மோதிக்கொள்கின்றன என்று 70 வருடமாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1967இல் சலிவன், தனி அயடீன் அணுக்கள் நடுவில் வருகின்றன என்று காட்டினார். வேகம் பற்றிய எண்கள் சரியாகவே இருந்தன. வழிதான் வேறு.

இந்த முறைகளுக்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குறி வைத்த அணுவும் குறி இல்லாத அணுவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவேண்டும். ஐதரசனில் இது அவ்வளவு சரியில்லை. பார ஐதரசன் இரு மடங்கு கனம், வேகம் குறையும். அயடீன் 128க்கும் 127க்கும் எடையில் நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. குறி தெரியும், நடத்தை மாறாது. வேதியியலாளனுக்கு அதுதான் வேண்டும்.

மனிதருக்கு வைக்கும் குறி அப்படியில்லை. செக்ரே பெர்க்லியில் இருந்த அதே 1938 யூலை நடுவில் இத்தாலியில் இன விஞ்ஞானிகளின் அறிக்கை என்று ஒன்று வெளியானது. யூதர் இத்தாலிய இனத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்றது. கீழே கையெழுத்திட்டவர்களில் பேராசிரியர்கள் இருந்தார்கள். ஓகஸ்ட் 22ஆம் திகதி யூதர்களைக் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு நகரசபையிலும் பெயர், முகவரி, குடும்பம். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்த ஆணை யூத ஆசிரியர்களையும் மாணவர்களையும் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் நீக்கியது. கணக்கெடுத்து இரண்டு வாரம்தான்.

செக்ரேயின் பலெர்மோப் பதவி போனது. திரும்பப் போக நாடில்லை. அவர் நிலை தெரிந்த லோரன்ஸ், மாதம் 300 டொலராக இருந்த சம்பளத்தை 116 ஆக்கினார். வேறு போக்கிடம் இல்லாதவனுக்கு இது போதும் என்ற கணக்கு. நம்மில் பலருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. ஆர்தொமும் பதவியிழந்து 1939இல் அமெரிக்கா போனார். 1943 ஒக்டோபரில் ரோமில் செக்ரேயின் தாயாரை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. 1938இல் நகரசபைகள் எழுதிவைத்த பட்டியல்கள், ஜெர்மானியர் ஆக்கிரமித்த இத்தாலியில் ஆட்களைத் தேடிப் பிடிக்கப் பயன்பட்டன.

1940இல் செக்ரே, கோர்சன், மக்கென்சி மூவரும் பிஸ்மத்தை அல்பாத் துகள்களால் தாக்கி 85ஆம் தனிமத்தை உண்டாக்கினார்கள். அயடீனுக்குக் கீழே வெறுமையாக இருந்த கட்டம், அலசன் குடும்பத்தின் அப்போதைய கடைசிப் பிள்ளை. அரைவாழ்வு ஏழு மணிக்குச் சற்று மேல். அஸ்டட்டீன் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் நிலையில்லாதது என்று பொருள். பெயர் வைத்த மூவரில் ஒருவர் ஊரில்லாதவர்.

ஏன் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்? பல்லரோவில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று மாநகரக் குடிப்பதிவைக் கேட்டால் ஓர் எண் சொல்லும். சில வருடங்களாக அந்த எண் பெரிதாக மாறாமல் இருந்தாலும், தெருவில் இருக்கும் எனக்கு உள்ளே நடப்பது தெரியும். ஒரு குடும்பம் இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்ததும் இங்கிலாந்துக்குப் போகும். அதே வீட்டுக்கு வவுனியாவிலிருந்து ஒரு தம்பி வருவான். எண்ணிக்கை ஒன்று, ஆட்கள் வேறு. இங்கே உள்ள தமிழர், சைவர் கிறிஸ்தவர் என்று பாராமல், பெலெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வருடாவருடம் அதே கூட்டம். அருகில் போனால் பாதி புதுமுகம். "சராசரி இத்தாலித் தமிழர்" என்று ஆய்வுகளில் எழுதுகிறார்களே, அவர் 35.5 எடையுள்ள குளோரீன் அணுவுக்குச் சொந்தக்காரர்.

ஆகவே ஆட்களைத் தனித்தனியே அறிய வேண்டியிருக்கிறது. எங்களுக்கு மருத்துவமும் பள்ளியும் பெர்மெசோவும் கிடைப்பது ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு இருப்பதால்தான். பதிவில்லாத மனிதனின் நிலை என்ன என்று இங்கே வந்து இறங்கிய முதல் வருடத்தை நினைத்துப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அதே நேரம் 1983 யூலை நமக்குத் தெரியும். கொழும்பில் காடையர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வீடு தமிழர் வீடு என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். வாக்குப் போடுவதற்காக நாமே நம்பிக் கொடுத்த பெயர்கள் அவை. பதிவு செய்தவர் ஒருவர், எடுத்துக்கொண்டு வந்தவர் இன்னொருவர்.

செக்ரேயின் அணுக்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவற்றின் ஆயுளைத்தான். புரோமீனின் குறி நாலரை மணியில் பாதியாகும். அஸ்டட்டீன் ஏழு மணியில். 1938இல் செக்ரேயும் சீபோர்க்கும் இனங்கண்ட டெக்னீசியத்தின் ஒரு வகை ஆறு மணியில். அந்த டெக்னீசியத்தைத்தான் இன்று உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் எலும்பையும் இருதயத்தையும் படம் பிடிக்க ஊசியில் ஏற்றுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கே ஏற்றியிருப்பார்கள். ஆர்க்கிராஃபி வீதியில், தபாலில் வந்த தகட்டில் முதலில் தெரிந்த தனிமம் உங்கள் உடலுக்குள் போய், எங்கே நோய் என்று காட்டிவிட்டு, ஓரிரு நாளில் கதிர் அடங்கிப்போகிறது. வேலை முடிந்தபின் அந்தக் குறி எவருக்கும் பயன்படாது.

கடதாசிப் பட்டியலுக்கு அரைவாழ்வு கிடையாது. 1938இல் எழுதியது 1943இல் அப்படியே வாசிக்கக்கூடியதாக இருந்தது. இன்று பட்டியல்கள் கடதாசியிலும் இல்லை. கைரேகையும் கண்ணும் முகமும் கணினியில் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பிறந்த நாடுகளில் அரசியல் எந்தப் பக்கம் திரும்பும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாத காலம் இது. ஒரு பதிவைக் கேட்கும்போது எதற்கு என்று கேட்கிறோம். எத்தனை காலத்துக்கு, யார் கைக்கு என்று கேட்கவும், சட்டத்தில் எழுதி வாங்கவும் நாம் பழகவேண்டும். அதைக் கேட்க உரிமை உள்ள இடத்தில் இருக்கும்போதே கேட்கவேண்டும். செக்ரே குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு இரண்டு வாரம்தான் இருந்தது.

இன்று பலெர்மோப் பல்கலைக்கழகத்தின் பௌதிக, வேதியியல் துறைக்கு எமிலியோ செக்ரேயின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்தத் துறையில் நம் பிள்ளைகளும் படிக்கலாம். பலெர்மோவுக்கு வருபவர்கள் சொல்லுங்கள், சான் டொமெனிகோவுக்கும் ஆர்க்கிராஃபி வீதிக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கேள்விகள் இருந்தால் கதைப்போம்.